ஜெகந்நாதன் ஐயாவின் குடும்பம்

எங்க திண்டுக்கல்லில் யாராவது காலமானால் மறுநாள் விடிவதற்குள் பேருந்து நிலையத்திலிருந்து நாகல் நகர் ரவுண்டானா வரைக்கும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி வந்துவிடும். அன்புக் கணவர், பாசமிகு தந்தை, உழைப்பால் உயர்ந்தவர், தெய்வ பக்தி மிக்கவர், சமூக சேவகர் என்று எல்லாம் ஒரே ஆளுக்கு எழுதியிருக்கும். செத்துப்போனவர் நமக்குத் தெரிந்தவராக இருந்தால் படிக்கும்போதே லேசாகச் சிரிப்பு வரும். சமூக சேவகரின் சம்சாரத்து நகை அடகுக்கடையில் கிடப்பது தெருவுக்கே தெரியும். ஐந்தில் ரெண்டு பொருந்தினாலே பெரிய மனுஷன்தான்.

ஐந்தும் பொருந்திய ஒருத்தர் நம்ம பக்கத்தில் இருந்தார். 2013 பிப்ரவரி 12 அன்று காந்திகிராமத்தில் காலமானார், வயது 98. சங்கரலிங்கம் ஜெகந்நாதன். பேரைச் சொன்னால் பாதிப் பேருக்குப் பிடிபடுவதில்லை. "யாரு, கிருஷ்ணம்மாள் அம்மாவோட வீட்டுக்காரரா?" என்று கேட்பார்கள். ஆமாம், அவர்தான்.

அவர் போன நாளும் ஒரு நாள்தான். 1948-இல் காந்தியின் அஸ்தியை அலகாபாத்தில் கரைத்தது பிப்ரவரி 12. அதை வைத்துத்தான் சர்வோதயக்காரர்கள் வருஷா வருஷம் அந்தத் தேதியில் சர்வோதய மேளா நடத்துகிறார்கள். வாழ்நாளெல்லாம் அந்த மேளாக்களில் நின்ற மனுஷன் அதே தேதியில் போய்ச் சேர்ந்தார். எனக்கு நாள், நட்சத்திரத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் நம்ம வீட்டுக் கிழவிகள் கேட்டால் "கொடுத்து வச்ச சாவு" என்பார்கள்.

பிறந்தது 1914 அக்டோபர் 6, அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்துச் செங்கப்படை. வசதியான வீடு. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படிக்கப் போட்டார்கள். 1930, உப்புச் சத்தியாகிரக வருஷம். காந்தி கூப்பிட்டார் என்று பையன் படிப்பை விட்டுவிட்டு வந்துவிட்டான். வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நம்ம வீட்டை வைத்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து அவர் போய்ச் சேர்ந்த இடம்தான் சுவாரசியம். ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான் என்று ஒரு அமெரிக்கப் பாதிரியார், மதுரை மிஷனுக்கு வந்தவர். காந்தி ஆளை வீட்டில் தங்க வைத்தார் என்று 1930-இல் வெள்ளைக்கார அரசாங்கமே அவரை ஊருக்கு அனுப்பிவிட்டது. ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரை வெள்ளைக்காரனே நாடு கடத்துகிறான் என்றால் அவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருக்க வேண்டும்! திரும்பி வந்து பெங்களூர் சேரிகளில் வேலை செய்தார். ஜெகந்நாதன் அவரோடு சேர்ந்துகொண்டார். ஜெபம் செய்கிற கிறிஸ்தவரும் ராட்டை சுற்றுகிற இந்து இளைஞரும் சேர்ந்து சாக்கடை ஓரத்துப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கல்வி கொடுத்தார்கள். ஜெகந்நாதனின் பக்தி எப்படிப்பட்டது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற விடை இந்த இடம்தான். கெய்தான் அவரை மதம் மாற்றவில்லை, இவரும் அவரை மாற்றவில்லை. அந்த நட்பு பிற்பாடு நம்ம காந்திகிராமம் வரைக்கும் வந்தது.

1942 வெள்ளையனே வெளியேறு இயக்கம். அதில் மூன்றரை ஆண்டு சிறை.

இனி கிருஷ்ணம்மாள். 1926-இல் பட்டிவீரன்பட்டிப் பக்கம் அய்யன்கோட்டையில் பிறந்தவர். தலித் குடும்பம், சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அப்பா சீக்கிரமே போய்விட, அம்மா நாகம்மாள் அடுத்தவன் காட்டில் கூலி வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். நிறைமாதத்திலும் அம்மா வயலில் குனிந்து நின்றதைப் பார்த்ததுதான் தனக்குள் எல்லாவற்றையும் கிளப்பியது என்று கிருஷ்ணம்மாள் பலமுறை சொல்லியிருக்கிறார். மதுரையில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் ஆதரவில் படித்துப் பட்டம் வாங்கினார். சௌந்தரம் யார் என்று தெரியாதவர்களுக்கு: டி.வி.எஸ். அய்யங்காரின் மகள், மருத்துவர், கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கியவர். 1946-இல் காந்தி மதுரைக்கும் பழனிக்கும் வந்தபோது அம்பாத்துரையில் ரயில் நின்று, சின்னாளப்பட்டி சனம் திரண்டு வந்து பார்த்தது. அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் காந்திகிராமம் எழுந்தது. இன்றைக்கு மதுரை பஸ்ஸில் போகிறவர்கள் பல்கலைக்கழக வளைவைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறோம். ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் சுங்குடிச் சேலை காய்கிற சின்னாளப்பட்டி. நடுவில் இப்படி ஒரு சரித்திரம்.

ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம் என்று முடிவு செய்து காத்திருந்தார்கள். 1950 ஜூலை 6 அன்று கல்யாணம். மாப்பிள்ளை வசதியான மேல்சாதிக் குடும்பம், பெண் நிலமில்லாத தலித் குடும்பம். இன்றைக்கு எங்க மாவட்டத்தில் ஏதாவது கிராமத்தில் இப்படி ஒரு கல்யாணம் நடந்தால் போலீஸ் ஸ்டேஷனில் மாலையோடு போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவர்கள் எழுபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் செய்தார்கள். சாதி ஒழிப்பைப் பற்றி அவர் மேடையில் பேசியதை எல்லாம் ஒரு பக்கம் வையுங்கள். பொண்ணு பார்க்கிற இடத்தில் ஒரு ஆள் என்ன செய்கிறான் என்பதில்தான் எனக்கு நம்பிக்கை.

கல்யாணம் ஆன கையோடு என்ன ஆனது தெரியுமா? 1951 ஏப்ரலில் தெலங்கானா போச்சம்பள்ளியில் வினோபா பாவே நூறு ஏக்கரைத் தானமாக வாங்கிப் பூதான இயக்கத்தைத் தொடங்குகிறார். ஜெகந்நாதன் வடக்கே கிளம்பிப்போய் அவர் பின்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். புதுப்பெண்டாட்டி சென்னையில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தார். என் அக்காவிடம் இதைச் சொன்னேன். "இவரைத்தான் நீ நல்ல குடும்பஸ்தன்னு எழுதப்போறியா?" என்று கேட்டாள். கேள்வி நியாயம். ஆனால் கதை அதோடு முடியவில்லை. அவர் திரும்பி வந்து தமிழ்நாட்டில் பூதானத்தை ஆரம்பித்ததும் படிப்பை முடித்த கிருஷ்ணம்மாள் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்காரவில்லை. அவரும் சேர்ந்து நடந்தார். அன்றிலிருந்து ஜெகந்நாதன் செய்த எந்த வேலையிலும் "இது அவருடையது, இது அம்மாவுடையது" என்று கோடு கிழிக்க முடியாது.

பூதானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வினோபா ஊருக்குள் போய்ப் பெரிய பண்ணைக்காரரிடம் கேட்பது ரொம்ப எளிமையாக இருக்கும். உங்களுக்கு ஐந்து பிள்ளைகள் என்றால் என்னை ஆறாவதாக வைத்துக்கொள்ளுங்கள், என் பங்கை ஏழைக்குக் கொடுங்கள் என்பார். கேட்டதே ஒரு குடும்பப் பாகப்பிரிவினை மாதிரித்தான். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து, பிரார்த்தனை முடித்து, இருட்டோடு அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஊருக்கு நடை. ஊர்ச் சாவடியில் கூட்டம். கொடுக்கிறவர் தானபத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 1956, 57-இல் வினோபா தமிழ்நாட்டுக்குள் நடந்தபோது அதற்கு முன்னும் பின்னும் மண்ணைத் தயார் செய்தவர்களில் ஜெகந்நாதன் முக்கியமானவர். அன்றைக்கு நாம் மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985-இல்தான். மதுரை மாவட்டத்தில் அந்தக் காலத்தில் இவர் நடக்காத வண்டிப்பாதை குறைவு.

சரி, நிலம் கிடைத்ததா? கிடைத்தது. எப்பேர்ப்பட்ட நிலம் என்பதுதான் கேள்வி. எங்க மாமா ஒருத்தர், நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தவர், பூதானம் என்றாலே சிரிப்பார். "ஏப்பா, ஆடு ஏறாத கரடு, ஓணான் கூடக் குடியிருக்காத இடம், அதைத்தானே எழுதிக் கொடுத்தாய்ங்க" என்பார். கொஞ்சம் அதிகப்படி என்றாலும் பொய்யில்லை. எங்க சமவெளி மானாவாரி பூமி. மழை பெய்தால் சோளம், காணம். கிணறு இருந்தால்தான் மல்லிகை, வெற்றிலை, தென்னை. கிணறில்லாத ஒரு ஏக்கர் செம்மண்ணைக் கூலிக்காரனிடம் கொடுத்தால் அவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான். வெட்ட, உழ, ஏர்மாடு வாங்க, மோட்டார் வைக்க எல்லாவற்றுக்கும் முதல் வேண்டும்.

இது ஜெகந்நாதனுக்குத் தெரியாமல் இல்லை. 1960-களின் கடைசியில் இத்தாலிக்காரரான ஜியோவான்னி எர்மீலியாவோடு சேர்ந்து அசெஃபா என்கிற சர்வ சேவா பண்ணைகள் சங்கம் ஆரம்பிக்கப்பட்டது இதற்காகத்தான். தானமாக வந்த தரிசைப் பயிர் நிலமாக்கக் கிணறும் கடனும் ஏற்பாடு செய்வது அதன் வேலை. பூதானம் தோற்றது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். நாடு முழுக்கச் சுமார் 40 லட்சம் ஏக்கர் கிடைத்தது என்பார்கள். அதில் நல்ல நிலம் எவ்வளவு, ஏழைக்குக் கைமாறியது எவ்வளவு என்று போனால் கணக்கு சுருங்கும், உண்மைதான். ஆனாலும் தோற்ற இடத்தில் நின்று மண்வெட்டி எடுத்தவர்கள் எத்தனை பேர்?

1968 டிசம்பர் 25. கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட தகராறில் ஒரு குடிசைக்குள் ஒளிந்த தலித் குடும்பங்களைத் தீவைத்துக் கொன்றார்கள். 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதற்குப் பிறகு ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் இருவரும் கீழத்தஞ்சைக்குப் போனார்கள். அப்போது அவருக்கு வயது 54. நம்ம வீட்டில் ஐம்பத்துநாலு வயதில் ஆட்கள் ரிட்டயர்மெண்ட் பணத்தில் வீடு கட்டலாமா, பொண்ணுக்குச் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். இவர் புது மண்ணில், புது ஊரில், எல்லாத் தரப்பும் சந்தேகமாகப் பார்க்கிற இடத்தில் போய் உட்கார்ந்தார். பண்ணையாருக்கு இவர் கலகக்காரர். செங்கொடிக்காரர்களுக்கு இவர் சண்டையின் சூட்டைத் தணிக்க வந்த காந்திக்காரர். கம்யூனிஸ்டுகளின் கோபத்திலும் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். 44 பேர் எரிந்த இடத்தில் மனமாற்றம், அகிம்சை என்று பேசினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் இந்தத் தம்பதி பேசிவிட்டு ரயிலேறவில்லை. வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். வலிவலத்தில் கோயில் நிலம் பெரிய மனிதர்கள் கையில் இருந்ததை எதிர்த்துச் சத்தியாகிரகம் செய்தார்கள். அடி, கைது, உண்ணாவிரதம், எல்லாம் உண்டு.

ஏன் அங்கே போனார் என்பதற்கு இன்னொரு காரணமும் எனக்குப் படும். டெல்டாவில் ஒரு ஏக்கர் என்பது வேறு கணக்கு. காவிரித் தண்ணி பாய்கிற நஞ்சை ஒரு ஏக்கர் இருந்தால் ஒரு குடும்பம் வருஷச் சாப்பாட்டுக்குக் கையேந்த வேண்டாம். எங்க கரட்டில் ஐந்து ஏக்கர் செய்யாததை அங்கே ஒரு ஏக்கர் செய்யும்.

1981-இல் லாஃப்டி, அதாவது உழுபவனின் நில உரிமை இயக்கம் வந்தது. தானம் கேட்ட காலம் போய், விலைக்கு வாங்கிக் கொடுக்கிற காலம். பட்டணத்துக்குக் குடிபோன மிராசுதார் நிலத்தை விற்க நினைப்பார். அவரோடு பேசி விலையைப் படியவைத்து, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, நிலமில்லாத குடும்பத்துக்கு ஒரு ஏக்கர். கேட்க லேசாக இருக்கிறது. பத்திர ஆபீஸ் பக்கம் ஒரு தடவையாவது போனவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும். ஒருத்தர் பேரில் கிடக்கும் பத்து ஏக்கரைப் பத்துப் பேருக்குப் பிரிக்க வேண்டும் என்றால் முதலில் வில்லங்கம் பார்க்க வேண்டும். சர்வேயர் வந்து சங்கிலி போட வேண்டும். சர்வே நம்பருக்கு உட்பிரிவு எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கெல்லை சொல்லித் தனித்தனிப் பத்திரம். பிறகு தாலுகா ஆபீஸில் பட்டா மாற்றத்துக்கு நடை. ஒரே ஒரு பட்டா மாறுதலுக்கு நான் அலைந்த அலைச்சலே செருப்பைத் தேய்த்தது. இவர்கள் சுமார் 13,000 குடும்பங்களுக்குச் செய்திருக்கிறார்கள்.

அதில் ஒரு நிபந்தனை. பத்திரம் வீட்டுப் பெண் பேரில்தான். மையில் பெருவிரலை வைப்பவள் அந்த வீட்டு அம்மா. சாராயக் கடையில் நிலம் கரைந்துபோகாமல் இருக்க இதைவிட நல்ல பூட்டைத் திண்டுக்கல்காரன் கூடச் செய்திருக்க மாட்டான். இந்த யோசனை யாருடையது என்று கேட்டால் எல்லோரும் கிருஷ்ணம்மாள் என்பார்கள். இருக்கட்டும். மனைவியின் யோசனை முன்னால் போக, பின்னால் மூட்டை தூக்கிய ஒரு புருஷனும் அங்கே இருந்தார். அந்தத் தலைமுறையில், ஏன், இந்தத் தலைமுறையிலும், தலைவர்களாக இருக்கிற ஆண்களில் அப்படி ஒருத்தரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

லாஃப்டிக்கு முன்னாலேயே ஜெயப்பிரகாஷ் நாராயணனோடு பீகாருக்குப் போனது, நெருக்கடி நிலையில் மறுபடி சிறைக்குள் கிடந்தது எல்லாம் உண்டு. வெள்ளைக்காரன் சிறையும் பார்த்தார், நம்ம சர்க்கார் சிறையும் பார்த்தார்.

எண்பது வயதை நெருங்கும்போது வந்ததுதான் இறால் சண்டை. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நாகப்பட்டினம் கரையோரத்தில் பெரிய கம்பெனிகள் வயலை வாங்கிக் குட்டை வெட்டி, கடல் தண்ணியை உள்ளே விட்டு இறால் வளர்த்தன. ஏற்றுமதி, அந்நியச் செலாவணி என்று பேச்சு. பக்கத்து வயல் உப்பேறியது. குடிக்கிற கிணறு கரித்தது. லாஃப்டி போராடிக் கொடுத்த ஒரு ஏக்கருக்குப் பக்கத்திலேயே உப்புக்குட்டை வந்தால் அந்த ஏக்கர் எதற்கு? நடவு நட்ட பெண்களுக்குக் குட்டையில் வேலையும் கிடையாது. நூறு பேர் பார்த்த இடத்தில் நாலு காவல்காரன் போதும். கிழவர் குட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்தார், உண்ணாவிரதம் இருந்தார். அதோடு நிற்காமல் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார்.

எஸ். ஜெகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். பரீட்சைக்கு உருப்போடுகிற அந்த எஸ். ஜெகந்நாத் நம்ம காந்திகிராமத்து ஜெகந்நாதன்தான் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங், நீதிபதி சாகிர் அகமது அமர்வு தீர்ப்பு சொன்னது. கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் பாரம்பரிய முறையில் நடப்பதைத் தவிர மற்ற இறால் குட்டைகளை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும், மாசு செய்தவர்தான் நஷ்டஈடு தர வேண்டும் என்றது. எனக்குப் பிடித்தது தீர்ப்பின் இன்னொரு பகுதி. குட்டை மூடப்படுவதால் வேலை இழக்கிற தொழிலாளிக்குச் சட்டப்படியான தொகைக்கு மேல் ஆறு வருஷச் சம்பளம் கூடுதலாகக் கொடுக்கச் சொன்னது. வழக்குப் போட்டவருக்கு அப்போது வயது 82.

ஜெயித்தாரா? தீர்ப்பை அப்படியே அமல்படுத்த விடவில்லை. புது மசோதா, மறுசீராய்வு என்று இழுத்து, 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து இறால் தொழிலுக்கு வழி திறந்துவிட்டது. பாராளுமன்றமே ஒரு கிழவருக்கு எதிராகச் சட்டம் போட வேண்டியிருந்தது என்று பெருமையாகவும் சொல்லலாம், தோல்வி என்றும் சொல்லலாம். என்னைக் கேட்டால் ரெண்டும்தான்.

அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகள் ரெண்டு பேர், ஒரு மகன், ஒரு மகள். பூமி என்ற சொல்லைச் சேர்த்து மகனுக்குப் பேர் வைத்தார்கள். ரெண்டு பேருமே மருத்துவர்கள் ஆனார்கள். அப்பா சிறையில், அம்மா மறியலில் என்று இருக்கிற வீட்டில் பிள்ளைகள் வளர்வது லேசான காரியம் இல்லை. அந்தப் பாரத்தில் பெரும்பங்கு கிருஷ்ணம்மாள் தலையில்தான் விழுந்திருக்கும், அதை மறைத்துவிட்டு ஐயாவைக் கொண்டாடக் கூடாது. ஆனால் தேசத் தொண்டுக்காக வீட்டை உதறிவிட்டுப் போன தலைவர்கள் நிறைய. அவர்கள் வீட்டுப் பெண்களின் பேர் நமக்குத் தெரியாது. வீட்டுக்காகத் தொண்டை உதறியவர்கள் அதைவிட நிறைய, நானும் அதில் ஒருத்தன். இவர் வீட்டையே தொண்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அதனால்தான் அந்த வீட்டுப் பெண்ணின் பேர் இன்று அவர் பேரைவிடப் பெரிது. 1989-இல் பத்மஸ்ரீ, 2020-இல் பத்மபூஷண், ரெண்டும் அம்மாவுக்குத்தான். மாற்று நோபல் என்று சொல்கிற ரைட் லைவ்லிஹுட் விருது 2008-இல் இருவருக்கும் சேர்த்து வந்தது.

பக்தியிலும் ரெண்டு பேரும் ஒரே மாதிரி இல்லை. அம்மா வள்ளலார் வழி, எந்தக் காரியத்துக்கும் அருட்பெருஞ்ஜோதியைக் கூப்பிடாமல் இறங்க மாட்டார். ஐயா காந்தி, வினோபா வழி, பிரார்த்தனை, நூற்பு, நடை, உண்ணாவிரதம். ஒரே வீட்டுக்குள் ரெண்டு சாமி அறை வைத்துச் சண்டை போடுகிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

கடைசிக் காலத்தில் இருந்தது காந்திகிராமத்து ஊழியரகத்தில். இவர்கள் ரெண்டு பேரிடமும் இத்தாலியப் பெண்மணி லாரா கோப்பா உட்கார்ந்து கேட்டு எழுதிய புத்தகம் தமிழில் "சுதந்திரத்தின் நிறம்" என்று வந்திருக்கிறது, தன்னறம் வெளியீடு. நம்ம ஊர்க் கதையை ஒரு இத்தாலிக்காரி வந்து எழுத வேண்டியிருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அக்காவிடம் என் பிரதியைக் கொடுத்திருக்கிறேன். பாதி படித்திருக்கிறாளாம். "அம்மா பேசுற பக்கமெல்லாம் நல்லா இருக்கு, ஐயா ரொம்ப நடக்குறாரு" என்று தகவல் வந்திருக்கிறது. மீதியையும் படித்துவிட்டு என்ன சொல்கிறாள் பார்ப்போம்.